பத்திரம் யார் பெயரில்? பாஸ்டன் புறநகர்ப் பங்கு ஒன்றின் வரலாறு

1959 ஜூன் 30ஆம் தேதியோடு பாஸ்டனுக்குத் தெற்கே ஓடிக்கொண்டிருந்த ஓல்டு காலனி பயணிகள் ரயில்கள் நின்றுபோயின. கடலோரமாகக் கிரீன்புஷ் வரை போன தடமும் அதில் அடக்கம். அதே ஆண்டில் பாஸ்டனின் நடுவிலிருந்து தெற்குப் புறநகர்களுக்குச் செல்லும் தென்கிழக்கு விரைவுச்சாலை முழுதாகத் திறந்துவிடப்பட்டது. ரயிலில் வேலைக்குப் போனவர்கள் காரில் போகத் தொடங்கினார்கள். கார் வந்த பிறகு ரயில் நிலையத்தை ஒட்டித்தான் வீடு பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்தவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது. அந்தக் கடனும் அந்தச் சாலையும் சேர்ந்து நிரப்பிய ஊர்களில் ஒன்று சிச்சுவெட். பாஸ்டனிலிருந்து சுமார் 25 மைல் தொலைவில் இருக்கும் கடற்கரை ஊர். 1950இல் அங்கே ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இருந்தார்கள். 1970இல் பதினேழாயிரம் பேர்.

புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். துறைமுகப் பக்கத்தில் இருந்த பழைய கோவில் அவர்களுக்குப் போதவில்லை. எனவே 1960ஆம் ஆண்டை ஒட்டி ஊரின் வடபகுதியில், ஹூட் சாலையில், கடலுக்குப் பக்கத்தில் முப்பது ஏக்கர் நிலத்தில் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் இன்னொரு பங்கை, அதாவது எல்லை வகுத்த ஒரு கோவில் சமூகத்தை, ஏற்படுத்தியது: புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினி பங்கு. 2004இல் அதை மூட ஆணை வந்தது. பங்கு மக்கள் கோவிலுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். ஒருவராவது எந்நேரமும் உள்ளே இருக்கும்படி முறைவைத்துக்கொண்டு, 2016 மே 30 வரை கோவிலைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். மொத்தம் 4,234 நாள்.

அமெரிக்கப் பத்திரிகைகள் இதைப் பெரும்பாலும் சில முதியவர்களின் பிடிவாதக் கதையாக எழுதின. அல்லது 2002இல் குருக்களின் பாலியல் குற்றங்கள் வெளிவந்ததன் பின்கதையாக எழுதின. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பங்கு ஏன் அப்படி மூடப்பட்டது, மக்கள் ஏன் அப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்டால், விடை 2002இல் இல்லை. கோவில் எந்த மண்ணில் நிற்கும், அதன் எல்லை எது, பத்திரம் யார் பெயரில் என்ற பழைய விதிகளில் இருக்கிறது. சிச்சுவெட் மக்கள் சபையை எதிர்த்துக் கலகம் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பங்கு என்பது பெயராத மண் என்று சபை தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அந்தப் பாடத்தைச் சபை ஒருநாள் திரும்பப் பெறப் பார்த்தது, அவர்கள் பெற்றுக்கொள்ளவிடவில்லை.

சிச்சுவெட்டுக்கு ஐரிஷ்காரர்கள் விரைவுச்சாலை வழியாகத்தான் முதன்முதலில் வந்தார்கள் என்றில்லை. 1636இலேயே ஊராட்சியாக அமைந்த பழைய பியூரிட்டன் ஊர் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டேனியல் வார்டு என்ற ஐரிஷ் குடியேறி அந்தக் கரைப் பாறைகளில் தன் ஊர்க் கடற்பாசியே வளர்வதைக் கண்டுகொண்டார். படகில் போய் நீண்ட வாரியால் அதை அரித்தெடுத்து, கரையில் பரப்பி, வெயிலில் வெளுக்க வைத்து விற்பது ஒரு தொழிலாயிற்று. பால் பண்டங்களைக் கெட்டியாக்கவும் பீரைத் தெளிய வைக்கவும் அந்தப் பாசி பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை கோடை விடுமுறையில் கல்லூரிப் பையன்கள்கூட இதில் காசு சேர்த்தார்கள். பின்னர் பாஸ்டனில் வசதி கண்ட ஐரிஷ் குடும்பங்கள் கோடைக்கு இந்தக் கரையில் சிறு வீடுகள் கட்டிக்கொண்டன. போருக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகள் கோடை வீட்டைக் குடியிருப்பாக்கினார்கள். 2010 கணக்கெடுப்பு வந்தபோது ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐரிஷ் வம்சாவளி. ‘ஐரிஷ் ரிவியரா’ என்று இந்தக் கரையைக் கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள்.

பங்குக்கு வைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. கப்ரினி அம்மையார் இத்தாலியின் லொம்பார்தியில் 1850இல் பிறந்தவர். 1889இல் நியூயார்க்கில் இறங்கி, சேரிகளில் கிடந்த இத்தாலியக் கூலிகளுக்காகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அனாதை இல்லங்களுமாக அறுபத்தேழு நிறுவனங்களை எழுப்பினார். 1909இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1946இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் புனிதர் அவர்தான். 1950இல் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாகவும் அறிவிக்கப்பட்டார். புல்தரையும் கார் கொட்டகையும் உள்ள வீட்டுக்கு வந்து, ‘குடியேறி’ என்ற அடையாளத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த மக்களுக்கு, குடியேறிகளின் புனிதை.

நகரத்தில் இவர்கள் விட்டுவந்த பங்கு எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் புறநகர்ப் பங்கு விளங்கும். ஜெரால்டு காம் என்ற அரசியல் ஆய்வாளர் 1999இல் எழுதிய ‘அர்பன் எக்ஸோடஸ்’ நூல், பாஸ்டனின் டார்செஸ்டர், ராக்ஸ்பரி பகுதிகளிலிருந்து யூதர்கள் விரைவாக வெளியேறியதையும் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் தங்கியதையும் ஒப்பிடுகிறது. அவர் சொல்லும் காரணம் பணமோ பயமோ அல்ல, நிறுவன விதி. யூதத் தொழுகைக் கூடம் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். அவர்கள் நகர்ந்தால் கூடத்தை விற்றுவிட்டு, தோரா சுருள்களோடு புது இடத்துக்குப் போய்விடலாம். கத்தோலிக்கப் பங்கு அப்படிப் போக முடியாது. அதற்கு வரைந்த எல்லை உண்டு. எல்லைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் அந்தப் பங்கின் மக்கள். அங்கேதான் திருமுழுக்கு, அங்கேதான் கல்யாணம், அங்கேதான் அடக்கப் பூசை. மக்கள் போனாலும் கோவில் போகாது. போகாத கோவிலை நம்பி மக்களும் தங்கினார்கள். பாஸ்டன் ஐரிஷ்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டால், தெருவைச் சொல்லாமல் பங்கின் பெயரைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

ஆனால் போகாத அந்தக் கோவில் எழுத்தில் யாருடையது? இங்கேதான் 1829க்குப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா விடுதலை பெற்ற பின் அங்கே வேரூன்றிய கத்தோலிக்கர்கள், அக்கம்பக்கத்துப் புரொட்டஸ்டன்டுகளைப் பார்த்து, தங்கள் கோவில்களையும் பொதுநிலையினர் அடங்கிய அறங்காவலர் குழுவின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். நியூ இங்கிலாந்தில் அது இயல்பான வழக்கம். 1820இல் டெடாம் ஊர்க் கோவில் வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், கோவில் சொத்து உள்வட்ட விசுவாசிகளுக்கு அன்றி ஊர்ப்பங்கின் வாக்காளர் அனைவருக்கும் உரியது என்றே தீர்ப்பளித்தது. கத்தோலிக்க ஆயர்களுக்கு இது ஒத்துவரவில்லை. அறங்காவலர்கள் தங்களுக்குப் பிடித்த குருவை வைத்துக்கொண்டு ஆயரை வெளியே நிறுத்தினார்கள். பிலடெல்பியாவின் புனித மரியா கோவிலில் 1820களில் ஹோகன் என்ற குருவை முன்னிட்டு நடந்த சண்டை தெருவில் அடிதடி வரை போனது. 1829இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: இயன்ற இடங்களிலெல்லாம் நிலத்தை எழுத்து மூலம் ஆயருக்கு எழுதிக்கொடுத்தால்தான் புதுக் கோவில் கட்டவோ அர்ச்சிக்கவோ அனுமதி.

ஆயர்கள் இதை வெறும் அதிகார ஆசையால் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1834இல் பாஸ்டனுக்கு எதிர்க்கரையில், சார்ல்ஸ்டவுனில், உர்சுலைன் கன்னியர் மடத்தை ஒரு கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. 1850களில் குடியேறிகளை வெறுத்த ‘நோ நத்திங்’ கட்சி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தையே கைப்பற்றியது. சொத்தை ஒரே கையில், நம்பகமான கையில் வைப்பது அப்போது தற்காப்பு. ஆனால் அந்தக் கை ஒரு தனிமனிதரின் கை. ஆயர் இறந்தால் வாரிசுச் சிக்கல்; ஆயர் கடன்பட்டால் அதைவிடப் பெரிய சிக்கல்.

ஒஹாயோவில் அதுவும் நடந்தது. சின்சினாட்டி பேராயர் பர்செலின் சகோதரர் நடத்திய வைப்புநிதியில் ஏழை ஐரிஷ், ஜெர்மானியக் குடும்பங்கள் சேமிப்பைக் கொட்டியிருந்தன. 1878இன் இறுதியில் அது திவாலானது. கடன் ஏறக்குறைய 40 லட்சம் டாலர். கடன்காரர்கள், கோவில்கள் எல்லாம் பேராயர் பெயரில்தானே இருக்கின்றன, விற்றுக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். அப்போது சபைத் தரப்பு சொன்ன பதில் என்ன தெரியுமா? பெயர்தான் பேராயருடையது, கோவில் அந்தந்தப் பங்கு மக்களுடையது, பேராயர் அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்பதுதான். 1888இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கோவில்கள் தப்பின.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. 1897இல் சட்டமன்றம் ஒரு தனிச்சட்டம் இயற்றி, பாஸ்டன் பேராயரை ‘ஒற்றையாள் கழகம்’ ஆக்கியது. பேராயர் பதவியில் யார் இருக்கிறாரோ அவர் ஒருவரே ஒரு நிறுவனம். அவர் இறந்தால் அடுத்தவர் அதே நிறுவனம். வாரிசுத் தொல்லை ஒழிந்தது. அறங்காவலர் தொல்லை முன்பே ஒழிந்திருந்தது. உயர்மறைமாவட்டத்தின் ஒவ்வொரு கோவிலும் குருமனையும் அந்த ஒரே பெயரில் பதிவாயின. அறுபதாண்டு கழித்து சிச்சுவெட்டில் வாங்கப்பட்ட முப்பது ஏக்கரும் அப்படியே. காணிக்கை உறையில் பணம் போட்ட எந்தக் குடும்பமும் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்திருக்காது. ஏன் பார்க்க வேண்டும்?

1944 முதல் 1970 வரை பாஸ்டனின் பேராயராக இருந்தவர் ரிச்சர்ட் குஷிங். தென் பாஸ்டனில் ஐரிஷ் கொல்லர் ஒருவரின் மகன், கரகரத்த குரல், அதிபர் கென்னடியின் பதவியேற்பிலும் அடக்கப் பூசையிலும் நாடே கேட்ட குரல் அது. கட்டுவதில் அவருக்குத் தீராத ஆசை. மக்கள் எங்கே போனார்களோ அங்கெல்லாம் கோவில் கட்டினார். விரைவுச்சாலைகளின் வரைபடத்தையும் அவர் தொடங்கிய பங்குகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் நிழல்போல இருக்கும். இறக்கும்போது உயர்மறைமாவட்டத்தைப் பெருங்கடனில் விட்டுப் போனார். அடுத்து வந்த மெதெய்ரோஸ், அசோர்ஸ் தீவில் பிறந்த போர்த்துக்கீசியர், தன் காலத்தில் பெரும்பகுதியை அந்தக் கடனை அடைப்பதிலேயே கழித்தார்.

குஷிங் காலத்துப் புறநகர்க் கோவிலுக்கு ஒரு பொது முகம் உண்டு. நகரத்துக் கோவில்களின் கோபுரம், பளிங்கு, வண்ணக் கண்ணாடி எல்லாம் குறைந்து, தாழ்வான கூரையும் அகன்ற வாகன நிறுத்தமும் வந்தன. ஒரு பூசைக்கு வந்த கார்கள் வெளியேறி அடுத்த பூசைக்கு வரும் கார்கள் நுழைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஞாயிறு பூசை நேரம் குறிக்க வேண்டியிருந்தது. பல பங்குகளின் முதல் பூசை பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையிலோ சினிமாக் கொட்டகையிலோ நடந்தது. மக்கள் தாங்களே கூடிப் பணம் திரட்டிக் கட்டிய கோவில் என்ற உணர்வு இதனால் புறநகரில் கூடுதல். நகரத்தில் தாத்தா கட்டிய கோவிலில் பேரன் முழந்தாளிட்டான். இங்கே கட்டியவர்களே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1964 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு முதல் பூசையின் பெரும்பகுதி ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், சபை என்பது இறைமக்கள் என்று அறிவித்தது. பங்குப் பேரவை, நிதிக்குழு, வாசகர், நற்கருணை வழங்குபவர் என்று பொதுநிலையினருக்குப் புதுப் பொறுப்புகள் வந்தன. படித்த, அலுவலகம் நடத்திப் பழகிய புறநகர் மக்கள் இவற்றை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள். பங்கின் கணக்கை அவர்கள் பார்த்தார்கள், கூரை ஒழுகினால் அவர்கள் ஆள் கூப்பிட்டார்கள். பத்திரம் மட்டும் 1897இலேயே நின்றது. சங்கத்தின் புது மொழியும் பழைய சொத்துச் சட்டமும் நாற்பதாண்டு ஒன்றையொன்று உரசாமல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. உரசும்படி யாரும் எதையும் கேட்கவில்லை.

இடையில் 1974 வந்தது. பாஸ்டன் பள்ளிகளில் இனப்பாகுபாட்டைப் போக்க, மாணவர்களைப் பேருந்தில் பகுதி மாற்றி அனுப்பும்படி கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. தென் பாஸ்டனில் கல்லெறி. அதே கோடையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெட்ராய்ட் வழக்கில் புறநகர்களை இத்தகைய ஆணைகளிலிருந்து பெருமளவு விலக்கியது. தெற்குக் கரை ஊர்களுக்குக் குடிபெயர்வு இன்னும் கூடியது. புறநகர்ப் பங்கின் அமைதியை எழுதும்போது இதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. அந்த அமைதியின் ஒரு பகுதி, பக்கத்தில் யார் இல்லை என்பதால் கிடைத்தது.

2002 ஜனவரி 6இல் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழின் புலனாய்வுக் குழு, குழந்தைகளைச் சீரழித்த குரு ஜான் ஜியோகனை உயர்மறைமாவட்டம் எப்படிப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக் காப்பாற்றியது என்று வெளியிட்டது. மாற்றப்பட்ட பங்குகளில் புறநகர்கள் பல. சிச்சுவெட்டுக்கு அருகில் இருக்கும் ஹிங்காமில் 1960களின் இறுதி முதல் ஏழாண்டு. பிற்காலத்தில் பணக்கார ஊரான வெஸ்டன். பங்கு எல்லை என்ற பழைய ஏற்பாடு இங்கே கொடூரமாகப் பயன்பட்டது: ஒரு பங்குக்குத் தெரிந்தது அடுத்த பங்குக்குத் தெரியாது. பாஸ்டன் பேராயர் கர்தினால் லா டிசம்பரில் பதவி விலகினார். கப்புச்சின் துறவியான ஷான் ஓமாலி 2003 ஜூலையில் பொறுப்பேற்றார். செப்டம்பரில் 550 பேர் வரை தொடுத்த வழக்குகளுக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு ஒப்பந்தமானது. பிரைட்டனில் இருந்த பேராயர் மாளிகையும் அதைச் சூழ்ந்த நிலமும் 2004இல் பாஸ்டன் கல்லூரிக்கு 9.94 கோடி டாலருக்கு விற்கப்பட்டன.

பிறகு 2004 மே 25: உயர்மறைமாவட்டத்தின் 357 பங்குகளில் 65 மூடப்படும் என்ற அறிவிப்பு. இழப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உயர்மறைமாவட்டம் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தக் கூற்றை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். குருக்கள் குறைந்துவிட்டார்கள், கட்டடங்கள் பழுதாகிக் கிடந்தன. கேலப் கணிப்புப்படி 1955இல் அமெரிக்கக் கத்தோலிக்கரில் 75 விழுக்காட்டினர் வாரந்தோறும் பூசை கண்டார்கள். 2017ஐ ஒட்டி அது 39. பதினெட்டாயிரம் பேர் உள்ள ஊரில் சில மைல் இடைவெளியில் இரண்டு கத்தோலிக்கக் கோவில்கள் இருந்தால் ஒன்றை மூட நினைப்பது விசித்திரமல்ல. ஆனால் முறை விசித்திரம். பக்கத்துப் பக்கத்துப் பங்குகளைத் தொகுதியாக்கி, உங்களுக்குள் எதை மூடலாம் என்று நீங்களே பரிந்துரையுங்கள் என்றார்கள். பலி கொடுக்க வேண்டியவரைப் பந்தியில் இருப்பவர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அதுவும், மக்கள் தன் மேல் வைத்திருந்த நம்பிக்கையைச் சபை முற்றாக இழந்த இரண்டாண்டுக்குள்.

அக்டோபர் 26ஆம் தேதி சிச்சுவெட் மக்கள் கோவிலுக்குள் தங்கத் தொடங்கினார்கள். மறுநாள் இரவுதான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 86 ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாக ‘வேர்ல்டு சீரீஸ்’ பட்டத்தை வென்றது. அந்த நேரத்தில் தெருவுக்கு வராமல் கோவிலுக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் உறுதியைப் பாஸ்டன்காரர்களுக்குத்தான் சரியாக எடைபோடத் தெரியும்.

அவர்கள் தனியாக இல்லை. ஒன்பது பங்குகளில் இப்படிக் காவல் இருந்தது. வெய்மவுத் ஊரின் புனித ஆல்பர்ட் பங்கு ஓராண்டுக்குள் மீண்டும் திறக்கப்பட்டது. சட்பரியில் மூடிய கோவிலைச் சிற்றாலயமாக வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கப்ரினி கோவிலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. உள்ளே வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது: யார் எந்த மணிக்கு என்று எழுதிய நாட்காட்டி, சாய்வு நாற்காலி, தொலைக்காட்சி, புத்தகங்கள். குரு இல்லாததால் பூசை இல்லை. ஞாயிறுகளில் பொதுநிலையினர் வாசகமும் செபமும் நடத்தினார்கள்; அனுதாபம் கொண்ட குருக்கள் வேறெங்கோ அர்ச்சித்த நற்கருணையை வழங்கினார்கள். மின்கட்டணத்தையும் வெப்பமூட்டும் செலவையும் உயர்மறைமாவட்டம் கட்டிக்கொண்டே இருந்தது. பலவந்தமாக வெளியேற்றும் காட்சி தொலைக்காட்சியில் வருவதை 2004இல் எந்த ஆயரும் விரும்பமாட்டார். பழைய பங்கு மக்களில் பெரும்பாலோர் நாளடைவில் வேறு கோவில்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. கடைசி வரை நின்றவர்கள் ஏறக்குறைய நூறு பேர். இந்தக் காவலுக்கு நடுவே, 2007 அக்டோபர் 31இல், ஊரை நிரப்பிய சாலை தாங்க முடியாத நெரிசலாகிவிட்டதால், கிரீன்புஷ் ரயில் 48 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர அரசு ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்தது.

சபைச் சட்டம் இவர்களுக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி பங்கு ஒரு சட்ட ஆள். தான் முறையாகச் சம்பாதித்த சொத்துக்குத் தானே உரிமையாளர். பங்கை ஏற்படுத்தவும் நீக்கவும் ஆயருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நீக்குவதும் இணைப்பதும் ஒன்றல்ல. நீக்கினால் சொத்து மறைமாவட்டத்துக்குப் போகும். இணைத்தால் மக்களோடு சேர்ந்து அடுத்த பங்குக்குப் போக வேண்டும். பாஸ்டன் முதலில் நீக்கும் வழியைத்தான் எடுத்தது. வத்திக்கானின் குருக்கள் பேராயம் தலையிட்டு, எல்லைக்குள் மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும்போது பங்கு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்ற பொருளில் 2005, 2006 ஆண்டுகளில் திருத்தம் சொன்னது. நுட்பமான வேறுபாடுதான், ஆனால் ஆழமானது. பங்கு என்பது கட்டடமல்ல, அந்த மண்ணில் வாழும் மக்கள் என்று ரோமாபுரியே சொல்லிவிட்டது. அப்படியும் கப்ரினி மக்களின் முறையீடுகளை வத்திக்கானின் உச்ச தீர்ப்பாயம் ஏற்கவில்லை.

பாஸ்டனில் மூடல்களை முன்னின்று நடத்திய துணை ஆயர் ரிச்சர்ட் லெனன் 2006இல் கிளீவ்லாந்து ஆயரானார். அங்கேயும் ஏறக்குறைய ஐம்பது பங்குகளை மூடினார். 2012இல் வத்திக்கான் அவற்றில் 13 மூடல்கள் முறைப்படி நடக்கவில்லை என்று ரத்து செய்தது. அந்தக் கோவில்களில் பெரும்பாலானவை மீண்டும் திறந்தன. சிச்சுவெட்டில் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இந்தக் கதையிலேயே எனக்கு அதிகம் உறுத்துவது நாட்டின் மறுகரையில் நடந்தது. பாஸ்டன் அறிவிப்பு வந்து ஆறு வாரத்தில், 2004 ஜூலை 6இல், ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து உயர்மறைமாவட்டம் திவால் மனு கொடுத்தது. அப்படிச் செய்த முதல் அமெரிக்க மறைமாவட்டம் அதுதான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வழக்கறிஞர்கள், பங்குகளின் நிலமும் கட்டடமும் பேராயர் பெயரில் இருப்பதால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். போர்ட்லாந்தும் பாஸ்டனைப் போலவே ஒற்றையாள் கழகம். பேராயர் தரப்பு திருச்சபைச் சட்டத்தை எடுத்துக் காட்டி, பங்குச் சொத்து பங்கு மக்களுடையது, எங்களுடையதல்ல என்று வாதாடியது. 2005 டிசம்பரில் நீதிபதி அதை ஏற்கவில்லை.

ஆக, ஒரே ஆண்டில் ஒரே சபை, ஒரே வகைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள் கேட்டபோது கோவில் மக்களுடையது என்றது. மக்கள் கேட்டபோது கோவில் பேராயருடையது என்றது. வழக்கறிஞர்களுக்கு இது புதிதல்ல. ஒஹாயோவில் நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன்னால் சொன்ன அதே பதில்தான். கடன்காரருக்குத் தெரியாமல் நகையை மனைவி பெயரில் எழுதிவைத்து, மனைவி கேட்டால் அது என்னுடையது என்கிற வீட்டுத்தலைவனின் நியாயம்.

சிச்சுவெட் வழக்கு 2015இல் உரிமையியல் நீதிமன்றத்துக்கு வந்தது. நோர்போக் மேல்நிலை நீதிமன்றம் கேட்ட கேள்வி எளியது: பதிவு பெற்ற உரிமையாளர் யார்? பேராயர். அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபரில் அதை உறுதி செய்தது. கோவிலின் உள்விவகாரத்தில் அரசு நீதிமன்றம் தலையிடாது என்பது அமெரிக்க அரசியல் சாசன மரபு. அந்த மரபு இங்கே பத்திரம் வைத்திருப்பவருக்குச் சாதகமாக முடிந்தது. 2016 மே 16இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் மனுவைக் கேட்க மறுத்தது. முன்பே வாக்குக் கொடுத்தபடி மக்கள் அந்த மாத இறுதியில் வெளியேறினார்கள்.

பாஸ்டனின் மேற்குப் புறநகரான வெல்லெஸ்லியில் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே ஒரு குடும்பம், என்றும் கோவிலாகவே இருக்கும் என்று நம்பித் தன் நிலத்தை உயர்மறைமாவட்டத்துக்குக் கொடுத்தது. அதில் எழுந்த புனித யாகப்பர் கோவிலும் 2004 பட்டியலில் வந்தது. இங்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காவல் இருந்தார்கள். நிலத்தைத் திருப்பிக் கேட்ட குடும்பத்தின் வழக்கை 2007இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பின்னர் உயர்மறைமாவட்டம் அந்த இடத்தை ஊராட்சிக்கு விற்றது. வாங்கலாமா வேண்டாமா என்று ஊரார் கூடி விவாதித்து, நியூ இங்கிலாந்து வழக்கப்படி வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். கோவிலாக இருந்தவரை அந்த நிலத்தைப் பற்றி வாக்களிக்கும் உரிமை அதன் பங்கு மக்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. 2019 முதல் அங்கே பனிச்சறுக்குத் தளமும் நீச்சல் குளமும் கொண்ட விளையாட்டு மையம் நடக்கிறது. பத்திரம் ஊரின் பெயரில்.